இரு முன்பணங்கள்

தவக்காலத்து மாலை ஒன்றில், திருப்பலி முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் என்னைக் காண வந்தனர். நகரில் செல்வந்தர் வாழும் பகுதி ஒன்றில் அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வங்கிக் கடனை இருபது ஆண்டுகள் கட்ட வேண்டியிருக்கும். பெயர்பெற்ற பள்ளி நடந்து போகும் தொலைவில் உள்ளது. அங்கே போய்ப் பிள்ளைகளை வளர்க்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. நான் சற்றும் தயங்காமல் லோத்தின் கதையைச் சொன்னேன். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் அவர் தேர்ந்துகொண்டது, சோதோமின் அருகே கூடாரம் அடித்தது, இறுதியில் மனைவியை இழந்து இரு மகள்களோடு குகையில் ஒடுங்கியது என எல்லாவற்றையும் விளக்கினேன். கணவர் பணிவோடு தலையசைத்தார். அந்த அம்மா மட்டும், "சாமி, எங்க பையன் கூடத்துலதான் படுக்கிறான். நாங்க எல்லாரும் பேச்சை நிறுத்தி விளக்கை அணைச்சாத்தான் அவனுக்குத் தூக்கம். லோத்து வீட்டிலேயும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. குழந்தையோடு ஓரறையில் ஓர் இரவும் உறங்கியறியாத நான், வீட்டைப் பற்றி அத்தனை உறுதியாகப் பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆயினும் கூடத்தில் உறங்கும் ஒரு சிறுவனை எங்கோ படித்த நினைவு. குருமடத்து நாள்களில் ஆங்கில வகுப்பில் படித்த நாடகம் ஒன்றில் அவன் இருந்தான். அதைத் தேடியெடுத்து மீண்டும் படித்தேன். லொரேன் ஹான்ஸ்பெரி எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' என்பது அதன் பெயர். 'வெயிலில் காயும் உலர்திராட்சை' என்று தமிழில் சொல்லலாம்.

இந்நாடகம் 1959 மார்ச் 11 அன்று நியூயார்க் பிராட்வே அரங்கில் முதன்முறையாக மேடையேறியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் அங்கே மேடையேறியது அதுவே முதல் முறை. 530 முறை அது நடிக்கப்பட்டது. சிட்னி பாய்ட்டியே நாயகனாக நடித்தார். 1961இல் திரைப்படமாகவும் வந்தது. இனவெறிக்கு எதிரான நாடகம் என்றே எமக்குக் கற்பிக்கப்பட்டது. அது சரியே. ஆனால் அன்று படித்தபோது நான் கூர்ந்து நோக்காத ஒன்று இம்முறை கண்ணில் பட்டது. இந்நாடகத்தில் முன்பணம் இரு முறை கொடுக்கப்படுகிறது. பலரும் நினைவில் வைத்திருப்பது இரண்டாவதை மட்டுமே.

கதை எளியது. சிகாகோ நகரின் தென்பகுதியில் யங்கர் குடும்பத்தினர் ஐவர் நெருக்கியடித்து வாழ்கின்றனர். மாமியார் லீனா. அவர் மகன் வால்டர் லீ ஒரு செல்வந்தரின் கார் ஓட்டுநர். மருமகள் ரூத் பிறர் வீடுகளில் வேலை செய்பவர். மகள் பெனீத்தா மருத்துவராக விரும்பும் மாணவி. பேரன் டிராவிஸுக்குப் பத்து வயது. அவன்தான் கூடத்துச் சோபாவில் உறங்குபவன். குளியலறையைப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். லீனா வளர்க்கும் சிறு தொட்டிச் செடிக்குக் கிடைப்பது ஒற்றைச் சன்னலின் வெளிச்சம். மறைந்த கணவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையாக லீனாவுக்கு 10,000 டாலர் வரப்போகிறது. அதை என்ன செய்வது என்பதில் கதை தொடங்குகிறது.

முதல் முன்பணம் ஐந்து டாலர். ரூத் மீண்டும் கருவுற்றிருக்கிறார். மருத்துவரிடம் போய்விட்டு வந்து பேசும்போது, அம்மருத்துவரைப் பெண்பாற் சொல்லால் குறித்துவிடுகிறார். அந்த ஒரு சொல்லிலேயே லீனாவுக்கு ஐயம் பிறந்துவிடுகிறது. (இவ்விடத்தைத் தமிழாக்குவோர் பாடு திண்டாட்டம்தான். நம் மரியாதைச் சொல்லாகிய 'அவர்', ஆண் பெண் வேறுபாட்டை மறைத்துவிடும்.) ரூத் போய்வந்தது கருக்கலைப்புச் செய்பவரிடம். ஐந்து டாலர் முன்பணமும் கொடுத்துவிட்டார். உன் மனைவி உன் பிள்ளையை அழிக்கப் போகிறாள், நீ தடுக்க மாட்டாயா என்று லீனா மகனைக் கேட்கிறார். வால்டர் வாய் திறவாமல் வெளியேறுகிறான்.

இரண்டாவது முன்பணம் 3,500 டாலர். கிளைபோர்ன் பார்க் என்னும் வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்குவதற்காக லீனா கொடுத்தது அது. இவ்விரண்டுக்கும் இடையே சில மணி நேரமே கழிந்திருக்கிறது. காலையில் ரூத்தின் முன்பணம் தெரியவருகிறது. அதே நாள் மாலையில் லீனா வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுத் திரும்புகிறார். குடும்பம் கண்முன்னே சிதறுவதைப் பொறுக்க முடியாமல் செய்ததாக அவரே சொல்கிறார். முன்பு மடியிலேயே ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்த தாய் அவர். அறைகளை எண்ணிச் சொல்லும்போது, பிறக்கப் போவது ஆண் குழந்தையானால் டிராவிஸின் அறையிலேயே அடுக்குக் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். பிறக்குமா என்றே தெரியாத உயிருக்குக் கட்டில் போடுகிறார்! ரூத் கேட்பது, அங்கே வெயில் வருமா என்பது மட்டுமே.

வேதாகமத்து ரூத்தும் மாமியாரோடு அந்நிய ஊருக்குக் குடிபோனவரே என்பதை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். பெயரை ஆசிரியர் தெரிந்தே வைத்தாரா என்பதை நான் அறியேன், பொருத்தம் இருக்கிறது.

கருக்கலைப்பைப் பற்றி மறையுரையில் பேசியிருக்கிறேன்; இனியும் பேசுவேன். திருச்சபையின் போதனையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தாயை அவ்வாயிலுக்கு அனுப்பியதில் ஓர் அறையின் பரப்பளவுக்கும் பங்குண்டு என்று நான் ஒருநாளும் பேசியதில்லை. ஹான்ஸ்பெரி பரப்புரை ஏதுமின்றி, ஒரு சோபாவையும் ஒரு குளியலறையையும் காட்டியே இதை உணர்த்திவிடுகிறார்.

லீனா அவ்வீட்டைத் தேர்ந்தது வசதியானவர் வாழும் இடம் என்பதற்காக அன்று. வெள்ளையர் அருகே வாழ வேண்டும் என்ற வேட்கையாலும் அன்று. கையிலிருந்த பணத்துக்குத் தம் குடும்பத்தாருக்கு ஏற்ற நல்ல வீடாகக் கிடைத்தது அதுவே. கறுப்பின மக்களுக்கென எங்கோ தொலைவில் கட்டப்பட்ட வீடுகள் இதைப்போல் இரு மடங்கு விலை என்கிறார். வாழத்தக்க பகுதி குறுக்கப்பட்ட மக்களிடம்தான் கூடுதல் விலை கறக்கப்படும் என்ற கணக்கு இங்கே ஒரே வரியில் வந்துபோகிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது வால்டரின் கனவு வீடு. எஞ்சிய 6,500 டாலரைத் தாய் அவன் கையில் ஒப்படைக்கிறார். அதில் 3,000 டாலர் பெனீத்தாவின் படிப்புக்கு. அன்றிரவு வால்டர் மகனை அருகே அழைத்து, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு தாங்கள் வாழப்போகும் வாழ்வை வருணிக்கிறான். தனக்கு ஒரு கார், மனைவிக்கு இன்னும் ஒய்யாரமான ஒரு கார். வாயிலில் தோட்டக்காரர் வணக்கம் சொல்வார். உள்ளே போனால் நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளின் விவரப் புத்தகங்கள் தரையெங்கும் பரந்து கிடக்க, மகன் நடுவே அமர்ந்திருப்பான். இந்நாடகத்தின் மிக அழகிய பகுதி இது என்பேன்; மிக ஆபத்தான பகுதியும் இதுவே. அத்தோட்டக்காரரைக் கவனியுங்கள். பகலெல்லாம் முதலாளிக்கு வணக்கம் சொல்பவன் வால்டர். அவன் கனவில் அந்த வணக்கம் ஒழியவில்லை. சொல்பவர் மட்டுமே மாறியிருக்கிறார். மகனுக்குக் கொடுக்க நினைப்பது அறையை அன்று, உயரத்தை. இருப்பினும் அவனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் செல்வர் வீதிகளில் காரோட்டிவிட்டு, இரவில் மகன் சோபாவில் படுப்பதைப் பார்க்கும் தகப்பன் வேறென்ன கனவு காண்பான்?

அப்பணம் முழுவதையும், தங்கையின் பங்கையும் சேர்த்து, கூட்டாளி ஒருவன் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். இதற்கு முன்பே லிண்ட்னர் என்பவர் கிளைபோர்ன் பார்க் முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் வந்து போயிருக்கிறார். நீங்கள் வராமலிருந்தால், கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தந்து வீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்பது அவர் செய்தி. மிரட்டாத, உரத்துப் பேசாத, பணிவான மனிதர். எங்கள் பகுதியினர் உழைத்து வீடு கட்டிய எளியவர்கள், அவரவர் தம்மவரோடு வாழ்ந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்கிறார். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது, "நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று இன்முகத்தோடு விசாரிக்கப்பட்டவர்களுக்கு லிண்ட்னரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இத்தகையவர் நம் திருப்பலியிலும் நற்கருணை வாங்குகிறார்.

பணம் பறிபோனதும் வால்டர் அவரைத் திரும்ப அழைக்கிறான், தொகையை வாங்கிக்கொள்வதற்காக. டிராவிஸைக் கீழே போகச் சொல்கிறார் ரூத். லீனா தடுக்கிறார். பையன் இங்கேயே நின்று, தகப்பன் செய்வதைப் பார்க்கட்டும் என்கிறார். மகனின் முன்னிலையில் வால்டரால் விற்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறான். டிராவிஸின் வளர்ப்பில் பெரிய நாள் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அது நிகழ்ந்தது புதிய வீட்டில் அன்று. குளியலறை இல்லாத பழைய வீட்டில்.

நாடகத்தில் குறை இல்லாமல் இல்லை. டிராவிஸைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. ஆனால் அவன் அங்கே எந்தப் பள்ளிக்குப் போவான், யாரோடு விளையாடுவான் என்று எவரும் கேட்பதில்லை. சிறுவர்கள் தெருவில் எலியை விரட்டிக் கொன்றதை அவன் வந்து விவரிக்கும் காட்சியும், வெள்ளையர் பகுதியில் குடியேறிய கறுப்பினத்தவர் வீட்டுக்குக் குண்டு வைக்கப்பட்ட செய்தியோடு அண்டை வீட்டுப் பெண் வரும் காட்சியும் முதல் மேடையேற்றத்தில் வெட்டப்பட்டு, பிந்திய பதிப்புகளில் சேர்க்கப்பட்டன. வெட்டப்பட்ட வடிவத்தில் பார்த்தோர், விட்டுப் போகும் இடத்தின் கொடுமையையும் போகும் இடத்தின் ஆபத்தையும் பாதியளவே உணர்ந்திருக்கக் கூடும். மூட்டைகள் வண்டியேறியதும் திரை விழுகிறது. மறுநாள் காலை நமக்குக் காட்டப்படுவதில்லை.

அந்த மறுநாளை ஆசிரியர் அறிந்திருந்தார். 1930இல் பிறந்த அவர் யங்கர் குடும்பத்தைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி வசதி படைத்தவர். பெரிய வீடுகளைச் சிறு சிறு குடித்தனங்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டவர். யங்கர் குடும்பம் தப்பியோடத் துடிப்பதும் அத்தகைய நெருக்கடியிலிருந்தே! பொருளாதார மந்தக் காலத்தில் வெண்ணிற மென்மயிர் மேலங்கி அணிவித்துத் தாய் பள்ளிக்கு அனுப்ப, ஏழைப் பிள்ளைகள் அடித்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வசதியும் பிள்ளையின் முதுகில் அடியாக விழக்கூடும் என்பதைச் சிறு வயதிலேயே அறிந்தவர்.

1937இல் அக்குடும்பம் வெள்ளையர் பகுதி ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறியது. கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்று அங்குள்ளோர் ஒப்பந்தம் செய்திருந்தனர். கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. சன்னல் வழியே எறியப்பட்ட பொருள் சிறுமி லொரேனின் தலையில் படாமல் மயிரிழையில் தப்பியது. தந்தை வழக்குக்காக அலைய, தாய் கைத்துப்பாக்கியோடு இரவில் காவலிருந்தார். பள்ளி செல்லும் வழியெல்லாம் வசையும் எச்சிலும். 1940இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு நடைமுறை பற்றிய காரணம் காட்டியே அளித்தது. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்னும் தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அதற்கு ஈராண்டு முன்பே கார்ல் ஹான்ஸ்பெரி மெக்சிகோவில் இறந்துவிட்டார், நொந்த மனத்தோடு. ஒரு தந்தை தன் பிள்ளைகளை அங்கே கொண்டுபோனது சரியா? மகள் தந்தையைக் குறைகூறவில்லை. கொடுத்த விலையை மறைக்கவுமில்லை. நாடகத்தின் திரை விழும் இடத்தில் நான் கேட்டது இந்த மௌனத்தைத்தான்.

இன்னொரு செய்தி. புரூஸ் நோரிஸ் என்பவர் அதே கற்பனை வீட்டை வைத்து 'கிளைபோர்ன் பார்க்' என்னும் நாடகத்தை 2010இல் மேடையேற்றினார்; மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதன் பிற்பாதி 2009இல் நடக்கிறது. அப்பகுதி முழுவதும் கறுப்பின மக்கள் பகுதியாகி, நலிந்து, இப்போது மீண்டும் விலையேறி வருகிறது. லீனா வாங்கிய வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்ட வெள்ளையர் தம்பதி வருகின்றனர். அம்மனைவியும் கருவுற்றிருக்கிறார். சாமர்த்தியமான நாடகம், ஆனால் எல்லோரையும் எள்ளி நகையாடுவதால், எவருடைய குழந்தைக்காகவும் நம்மைக் கவலைப்பட வைப்பதில்லை. எனக்கு லீனாவின் தொட்டிச் செடி போதும்.

லோத்தின் கதையையும் மீண்டும் படித்தேன். நான் விட்டுவிட்ட வசனம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆபிராமும் லோத்தும் சேர்ந்து வாழ அந்நிலம் போதவில்லை. காரணம், இருவரிடமும் உடைமைகள் மிகுந்திருந்தன. லோத்துக்கும் இடநெருக்கடிதான். ஆனால் அது மந்தைகளால் வந்த நெருக்கடி. சோதோமின் குற்றமாக எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் முன்வைப்பதும் செருக்கு, உணவு நிறைவு, கவலையற்ற வாழ்வு, எளியோருக்குக் கைகொடாமை ஆகியவற்றையே. அதைப் படித்துவிட்டுத்தான் அவர்களிடம் நான் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்களைக் கண்டேன். லோத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எத்தனை அறை என்று கேட்டேன். மூன்று என்றார் அந்த அம்மா. பையனுக்கு மேற்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டாம். வீட்டுவேலை செய்வோர் வேறு மின்தூக்கியில்தான் ஏற வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறதாம். அவருடைய தாயும் பல வீடுகளில் வேலை செய்தே அவரைப் படிக்கவைத்தவர். "அதுதான் சாமி, உறுத்துது" என்றார். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றார் கணவர்.