பார்டரை ஓரத்தில் நின்று பாருங்கள்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கோடையில் போகும் பெற்றோரை ஒரு நாளாவது தோட்டம் பார்க்கக் கூட்டிப்போவார்கள். லண்டன் என்றால் பெரும்பாலும் கியூ தாவரவியல் பூங்கா. அங்கே 2016-இல் திறந்த பிராட் வாக் பார்டர், அதாவது பாதையோரப் பூச்செடிப் பாத்தி, 320 மீட்டர் நீளம். நடைபாதைக்கு இருபுறமும் பூச்செடிகள். வந்தவர்கள் இருப்பதிலேயே பெரிய பூவாகத் தேடி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். தனிப் பூதான் வேண்டும் என்றால் ரோஜாத் தோட்டம் போதுமே. பார்டரில் பார்க்க வேண்டியது, எதன் பக்கத்தில் எது நிற்கிறது என்பதும், எது முடிந்ததும் எது எழுகிறது என்பதும்தான்.

இங்கே இருப்பவை பெரும்பாலும் பல்லாண்டுச் செடிகள். குளிர் வந்தால் தண்டும் இலையும் பட்டுப்போகும். வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து வசந்தத்தில் மறுபடி முளைக்கும். நம் செங்காந்தள் வறட்சியில் கிழங்குக்குள் ஒடுங்கி மழைக்கு எழுகிறதல்லவா, வறட்சி செய்யும் அந்த வேலையை அங்கே குளிர் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு செடியும் பூப்பது சில வாரங்கள்தான். ஆகவே ஒன்று ஓய்ந்த இடத்தை இன்னொன்று நிரப்ப வேண்டும். தோட்டக்காரரின் திறமை முழுக்க அதில்தான்.

முதலில், நேர் எதிரே நிற்காதீர்கள். ஒரு கோடியில் நின்று நீளவாக்கில் பாருங்கள். எதிரே நின்றால் இடைவெளிகள் தெரியும். ஓரத்திலிருந்து பார்த்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தவர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). ஓவியம் படித்தவர், கிட்டப்பார்வை வேறு. சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் என்ற தம் வீட்டில் 200 அடி நீளம், 14 அடி அகலத்துக்கு ஒரு பார்டர் அமைத்தார். செடிகளை வட்டக் குவியலாக நடாமல் நீண்டு மெலிந்த திட்டுகளாக நட்டார். ஒரு திட்டு பூத்து ஓய்ந்தாலும் பக்கத்துத் திட்டுகள் அதை மறைத்துவிடும்.

அந்தப் பார்டரின் இரு முனைகளிலும் சாம்பல் இலைகளும் மென்மையான நிறங்களும். உள்ளே போகப் போக மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் கொதிக்கும் சிவப்பு. பிறகு அதே படிகளில் இறக்கம். சிவப்பில் ஊறிய கண்ணுக்குச் சாம்பலும் நீலமும் பன்மடங்கு தெளிவாகத் தெரியும் என்பது அவர் கண்டது. இப்படி நிற வரிசையில் நட்ட பார்டரைப் பார்க்க நேர்ந்தால், நடுவில் நுழையாமல் முனையிலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள்.

அவருடைய இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீல டெல்ஃபினியம் பூத்து முடிந்ததும் வெறும் காய்ந்த தண்டு. அதன்மேல் பின்னாலிருக்கும் பட்டாணிக்கொடியைப் படரவிட்டார். அதுவும் ஓய்ந்தால், கிளெமாட்டிஸ் கொடி. பூக்கள் நடுவே எங்காவது சம்பந்தமில்லாத கொடியைக் கண்டால், அடியில் என்ன காய்ந்து கிடக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

இலையையும் விடாதீர்கள். பூ போன பின்னும் மாதக்கணக்கில் நிற்பது அதுதான். முன்வரிசையில் வெல்வெட் போல வெளுத்த ஸ்டாக்கிஸ் இலை இருக்கும். ஆட்டுக்குட்டிக் காது என்பது அதன் செல்லப் பெயர். தொட்டுப் பார்க்கலாம். பறித்துத் தொடுக்கக் கூடாது என்பதை மட்டும் கூட வரும் பாட்டியிடம் வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜீக்கிலின் ஒழுங்கு அலுத்தால் சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டம் இருக்கிறது. அங்கே கிறிஸ்டோபர் லாய்ட் ஒன்றோடொன்று மோதும் நிறங்களை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்தார். பல்லாண்டுச் செடிகளோடு புதர்களையும் ஓராண்டுப் பூக்களையும் கலந்தார். எனக்கு அதுதான் உயிரோட்டமாகத் தெரிகிறது.

நேரமும் முக்கியம். உச்சிவெயில் மென்மையான நிறங்களை வெளிறச் செய்துவிடும். மாலை மங்கும்போது சிவப்பு இருண்டு, நீலம் தனியாக ஒளிரத் தொடங்கும். வெளிச்சம் குறையக் குறைய நம் கண் நீலத்தின் பக்கம் சாய்வதால் வருவது இது. நீலமாகப் பூக்கும் சால்வியாவையும் நெபெட்டாவையும் அப்போது பாருங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். நெதர்லாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் பீட் அவுடால்ஃப், பூவுக்கு இணையாகக் காய்ந்த விதைத்தலையையும் புல்லையும் எண்ணி நடுபவர். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவில் செடிகளின் அமைப்பு அவர் கைவேலை. எக்கினேசியாவின் கறுத்த கூம்புகள் அங்கே குளிர் முழுக்க நிற்கும். மார்ச்சுக்கு முன் போய்விடுங்கள். பிறகு புதுத் துளிருக்காக எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள்.