கைகளையும் வரைய வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன் மாஞ்சோலையில், தேயிலைத் தொழிலாளர் குடும்பமொன்றின் லைன் வீட்டுச் சுவரில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, வார இதழிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட ஓர் ஓவியத்தைக் கண்டோம். கதவோரம் ஒரு பெண். அவள் கன்னத்தில் காலை வெளிச்சம். ஓவியர் எஸ். இளையராஜாவின் படைப்பு அது. "போட்டோவோ, வரைஞ்சதோ, நம்ம நெறத்துல இருக்கா பாருங்க, அதான் ஒட்டி வச்சேன்" என்றார் வீட்டுக்கார அம்மாள். அக்கலைஞரைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாராட்டை நாம் கேட்டதில்லை.

இளையராஜா கும்பகோணம் பகுதியைச் சேர்ந்தவர். அங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றவர். 2021 ஜூன் மாதம் கொரோனா நோய் அவரை இளமையிலேயே கொண்டுபோயிற்று. இரவிவர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தால் தேவியரையும் உயர்குடிப் பெண்டிரையும் தீட்டினார். அவர் நிறுவிய அச்சகத்தின் வழியே அச்சிவந்த முகங்கள் நம் வீட்டுச் சுவர்களை ஆண்டன. அதே எண்ணெய் வண்ணத்தைக் கொண்டு, கரிய மேனியும் நூல்சேலையுமாய் நிற்கும் சிற்றூர்ப் பெண்ணை இளையராஜா தீட்டினார். எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. அதனால்தான் ஒளியை நிழலுக்குள் கரைத்துவிட முடிகிறது. ஆனால் காத்திருக்கத் தெரியாதவர் கையில் அது சேறாகிவிடும். எளியவள் ஒருத்தியின் முகத்தின்முன் ஒருவர் நாட்கணக்கில் காத்திருந்தார் என்பதே ஒரு மரியாதை அன்றோ?

எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அவர் தீட்டிய பெண்கள் பெரும்பாலும் ஓய்ந்தே இருக்கின்றனர். சாய்ந்திருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள்; ஒளியும் அவர்களிடம் கனிவாகவே நடந்துகொள்கிறது. உழைப்பின் தழும்பு அங்கே அரிது. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1850-களின் இறுதியில் தீட்டிய 'மூவேளைச் செபம்' நினைவுக்கு வருகிறது. அதிலும் உழவர் இருவர் வேலையை நிறுத்தித்தான் நிற்கின்றனர். ஆயினும் மண்ணில் குத்திய கவைக்கோலும், காலடியில் கிழங்குக் கூடையும், குனிந்த முதுகும் அன்றைய பாடு முழுவதையும் சொல்லிவிடுகின்றன. அங்கே ஓய்வு உழைப்பை மறைப்பதில்லை.

மாஞ்சோலைப் பெண்களின் விரல்களில் கொழுந்தின் கறை உண்டு. கால்களில் அட்டைக்கடியின் வடு உண்டு. 1999 ஜூலை 23 அன்று அத்தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியபோது, 17 உயிர்கள் தாமிரபரணியில் மடிந்தன. அன்று நாளிதழ்கள் அவர்களைப் பிணங்களாகக் காட்டின. உயிரோடு காட்ட வேண்டியது ஓவியத்தின் கடமை.

2024-இல் தோட்ட வேலை நின்றது. குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கின. அச்சுவரில் ஒட்டிய படம் என்னவாயிற்றோ, அறியோம். தூரிகை ஏந்தும் நம் இளைஞர்கள் அம்மக்களைத் தேடிச் செல்லட்டும். இளையராஜா விட்டுச்சென்ற ஒளியை எடுத்துக்கொள்ளட்டும். அதை அந்தக் கைகளின்மீதும் விழச்செய்யட்டும்.