அந்த்ரே பஸான்: வகுப்பறை கிட்டாத ஆசிரியர்

விமர்சனம் என்றதும் எம்மவரில் பலருக்கு நினைவில் வருவன இரண்டுதான்: ஒன்று முதுகு சொறிதல், மற்றது காலை வாருதல். இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு வழியுண்டு என்பதற்குப் பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் அந்த்ரே பஸானின் எழுத்துக்களைச் சாட்சியாக முன்வைக்கிறேன்.

1918இல் பிறந்த பஸான் ஆசிரியத் தொழிலுக்கெனப் பயின்றவர். திக்குவாய் அவரை வகுப்பறைக்குள் விடவில்லை. தொழிலாளரையும் மாணவரையும் கூட்டிப் படம் காட்டினார், காட்டியபின் கலந்துரையாடினார். 1951இல் நண்பர்களுடன் 'கஹியே து சினிமா' சஞ்சிகையைத் தொடங்கினார்.

டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றே போதும். சுவரொட்டி ஒட்டும் தொழிலாளியின் சைக்கிள் களவு போகிறது. மகனோடு ரோம் நகரெங்கும் தேடியலைந்தவன் ஈற்றில் தானே திருட முனைகிறான். வாழ்வதற்காக ஏழை ஏழையிடமே திருட நேர்கிறது என்ற கருத்து படத்தில் எங்குமே வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. ஆயினும் பார்ப்பவன் தானாகவே அம்முடிவுக்கு வந்து சேர்கிறான் என்பதைப் பஸான் கண்டு காட்டினார். சிறுவனைத் தெரிவு செய்கையில் டி சிக்கா அவனது நடிப்பைப் பாராமல் நடையையே பார்த்தார் என்பதையும் குறித்தார். கதைச் சுருக்கத்தோடும் 'காலத்தின் தேவை' என்ற சான்றிதழோடும் நின்றுவிடும் எமது நூல் விமர்சனங்களின் கண்ணுக்கு அந்த நடை தட்டுப்படுமா?

துண்டு துண்டாக வெட்டி ஒட்டும் படத்தொகுப்பு பார்வையாளனை இழுத்துச் செல்கிறது, நீண்ட காட்சியோ அவனைச் சுயமாகத் தேட விடுகிறது என்பது பஸானின் கொள்கை. நல்லாசிரியனின் கொள்கையும் அதுவே. எனினும் இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கமராவை எங்கே வைப்பது என்ற தீர்மானமும் ஓர் இழுப்புத்தானே!

இராணுவச் சிறையிலிருந்து த்ரூபோ என்ற இளைஞர் விடுபட உதவி, அவருக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்தவர் பஸான். இயக்குநரே படைப்பாளி என்ற த்ரூபோ முதலானோரின் வாதம் பஸானின் சஞ்சிகையிலேயே வளர்ந்தது. அது தனிமனித வழிபாடாகிவிடும் அபாயத்தை 1957இல் அதே சஞ்சிகையில் அவர் சுட்டிக்காட்டினார். உறவு முறியவில்லை. 1958 நவம்பரில், த்ரூபோ தமது முதல் நெடும்படத்தைப் படமாக்கத் தொடங்கிய வேளையில், இரத்தப் புற்றுநோயால் பஸான் காலமானார், வயது 40. 1959இல் வெளிவந்த 'நானூறு அடிகள்' அவருக்கே சமர்ப்பணமாயிற்று.

மாற்றுக் கருத்து எழுதியவனுடன் முகங்கொடுத்துப் பேசவும் தயங்கும் எமது இலக்கியச் சூழலுக்கு, பஸானின் திரைப்படக் கொள்கையைவிட இந்தப் பண்பே அவசரத் தேவை என்பேன்.