பரவைக்கடலின் ருசி

யாழ்ப்பாணத்தில் நல்ல மீன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், எந்தக் கிழமை வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமையில் ஊரின் பெரும்பகுதி மரக்கறிக்கு மாறிவிடும். மச்சம் சமைக்கிற சட்டியைத் தனியே கவிழ்த்து வைக்கிற வீடுகள் இன்றும் ஏராளம். செவ்வாயும் சிலருக்கு விரதம். நல்லூரில் கொடி ஏறிவிட்டாலோ, ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள்களும் மீன்சந்தை மெலிந்து கிடக்கும். வெளிநாடுகளில் இருந்து பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் வந்து இறங்குகிற காலமும் அதுதான். ரொறன்ரோவில் இருந்து நண்டுக்கு ஏங்கி வந்தவர், மாமி வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றங்காய்க் கறியும் சாப்பிட்டுத் திரும்புவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னக் குரூர மகிழ்ச்சி உண்டு. ஞாயிறுக்குக் காரணம் வேறு. குருநகர், பாசையூர் போன்ற கத்தோலிக்கக் கரையூர்களில் ஞாயிறு காலை பூசைக்கு உரியது. முதல்நாள் இரவு வலை போடப் போகிறவர்கள் குறைவு. திங்களோ புதனோ வியாழனோ என்றால் பேச்சைத் தொடரலாம்.

அடுத்த கேள்வி, எந்தக் கடல் என்பது. குடாநாட்டுக்கு வடக்கே இருப்பது திறந்த கடல். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மயிலிட்டி வள்ளங்கள் அங்கிருந்து அறக்குளாவும் பாரையும் சூரையும் சுறாவும் கொண்டுவரும். 1990இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்பி வந்தது. ஒரு தலைமுறையே தன் துறையை வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தது. தெற்கே இருப்பது பரவைக்கடல். பண்ணைப் பாலத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால், கரையில் இருந்து வெகுதூரத்தில் மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து திரிவது தெரியும். அவ்வளவு ஆழமில்லாத கடல். தடிகளை வரிசையாக நட்டு, வலையைச் சுவராகக் கட்டி, மீனைத் தானாகவே உள்ளே நடக்கவைக்கிற சிறகுவலைகள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். அடியில் சாதாளை என்கிற கடற்புல் மண்டிய சேறும் மணலும். அந்தப் புல்லை மேய்ந்து வளர்கிற ஓராவும் ஒட்டியும், அதற்குள் ஒளிந்து வளர்கிற இறாலும் நண்டும்தான் யாழ்ப்பாணத்துச் சமையலின் ஆதாரம்.

என் கட்சி பரவைக்கடல் கட்சி. அறக்குளா பெரிய மனிதர் வீட்டு மீன். விருந்தாளிக்குத் துண்டு துண்டாகப் பொரித்து அடுக்கலாம், முள் தொல்லை இல்லை, யார் சமைத்தாலும் ஓரளவு நன்றாக வரும். ஓரா அப்படி அல்ல. அதன் செட்டை முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். குடலைக் கவனமாக எடுக்காவிட்டால் சட்டி முழுவதும் கசக்கும். ஆனால் காலையில் பிடித்த ஓராவை மதியத்துக்குள் சொதி வைத்தால், பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கடைசியில் பிழிந்த தேசிக்காயும் தவிர வேறொன்றும் வேண்டாம். வெறும் இடியப்பத்தின் மேல் அந்தச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டவர் அறக்குளாப் பொரியலை அவ்வளவாக மதிக்கமாட்டார். இந்த மீனுக்குள்ள பெரிய வசதி, அது ஐஸ் காணாத மீன் என்பது. சிறகுவலை பார்க்கப் போனவர் சில மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடுவார். பலநாட் கலங்கள் ஐஸ் அறையில் அடுக்கிக் கொண்டுவருகிற மீனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு உடனே சொல்லும்.

ஆகவே கடையைத் தேடுவதற்கு முன் கரைக்குப் போகவேண்டும். பாசையூர்ச் சந்தை, குருநகர், நாவாந்துறை, காக்கைதீவு, எல்லாமே நகரத்தில் இருந்து முச்சக்கர வண்டித் தூரம். பாசையூரில் நண்டைக் குவித்து ஏலம் கூறுகிற வேகத்தில் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் விளங்காது. பொறுமையாக நின்று, ஏலத்தில் எடுத்துச் சில்லறையாக விற்கிறவரிடம் வாங்குவதே புத்தி.

"அண்ணை, உடன் நண்டோ?"

"தங்கச்சி, கடிக்குதோ எண்டு கையைக் குடுத்துப் பாருங்கோவன்."

நண்டு வாங்குவதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. ஓட்டின் அடிப்புறத்தில், கால்கள் தொடங்குகிற இடத்துக்கு அருகே பெருவிரலால் அழுத்தவேண்டும். கல்லாக நின்றால் சதை இருக்கிறது. அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான். நிலவு காலத்து நண்டில் சதை இராது என்பது கரையாட்களின் உறுதியான நம்பிக்கை. ஓடு கழற்றுகிற பருவத்தில் நண்டு மெலிந்துபோவது உண்மை. அதற்கும் நிலவுக்கும் உள்ள கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் அமாவாசையை அண்டி வாங்குகிற ஆள். நீலம் பாய்ந்த நீண்ட கால்களோடு இருப்பது ஆண், பழுப்பும் பச்சையுமாக இருப்பது பெண். திருப்பிப் பார்த்தால் வயிற்று மடல் ஆணுக்கு ஒடுங்கியும் பெண்ணுக்கு அகன்றும் இருக்கும். குழம்புக்கு ஆணையே கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்து நண்டு என்றால் இந்த நீலக்கால் நண்டுதான். கொழும்பில் 2011இல் மகேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகிய கிரிக்கெட் வீரர்களும் சேர்ந்து தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகத்தின் நாயகன் களிநண்டு. பெரிய கொடுக்கு, தடித்த ஓடு, உடைத்துத் தின்ன ஒரு சுத்தியல் வேண்டும். சிங்கப்பூரின் பேர்போன மிளகாய் நண்டுக்கும் இலங்கைக் களிநண்டு நெடுங்காலமாகப் போகிறது. அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் அது சதைக்காகத் தின்கிற நண்டு. நம்முடையது குழம்புக்காகத் தின்கிற நண்டு. மெல்லிய ஓடு கொதியிலேயே தன் உப்பையும் இனிப்பையும் சட்டிக்குள் விட்டுவிடும். சதையைத் தின்று முடித்த பிறகும் புட்டுக்குக் குழம்பு மிஞ்சியிருக்கவேண்டும் என்பதே கணக்கு.

அந்தக் குழம்பின் பெயரில் உலகம் முழுக்க நடக்கிற அநியாயம் உறைப்பு. "யாழ்ப்பாணத்து நண்டுக்கறி" என்று எழுதிவிட்டு, கண்ணீர் வருகிற அளவுக்கு மிளகாயைக் கொட்டுகிறார்கள், கொழும்பிலும் லண்டனிலும், ஏன், யாழ்ப்பாணத்து ஹொட்டேல்களிலும். உறைப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சுமக்கத் தூள் வேண்டும். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒவ்வொன்றையும் அதனதன் பதத்தில் வறுத்து இடித்த தூள். மிளகாய் ஒரு கணம் கருகினாலும் போச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அளவு. வெளிநாடு போகிற பெட்டிகளில் துணியைக் குறைத்து இந்தத் தூளை அடைப்பது வேறு காரணத்துக்காக அல்ல. மண்சட்டியில் வெங்காயம், உள்ளி, வெந்தயம் வதங்கி, நண்டு விழுந்து, இரண்டாம் பாலில் தூளும் பழப்புளியும் கொதித்து, கடைசியில் முதற்பால் சேர்ந்ததும் ஒரு கைப்பிடி முருங்கையிலையைத் தூவி மூடிவிடுவார்கள். திறக்கும்போது வருகிற வாசனையில் நண்டைவிட முருங்கையிலை முந்தி நிற்கும். முருங்கையிலை இல்லாத நண்டுக்குழம்பைக் கொண்டுவந்து வைக்கிற கடையில் நான் இரண்டாம் முறை சாப்பிட்டதில்லை.

கணவாய்க்கு ஒரு வார்த்தை. ஊசிக்கணவாயை அதிகநேரம் அடுப்பில் வைத்து ரப்பராக்கி விடுகிறார்கள். ஓட்டுக்கணவாயோ நிதானமாக வற்றவைக்கச் சொல்லும் சாமான். வறுத்த தூளில் கறுக்கப் பிரட்டியது கிடைத்தால், புட்டுக்கு அதற்குமேல் கேட்கவேண்டாம். சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்தெடுக்கிற வறையை எந்தச் சாதாரணச் சாப்பாட்டுக் கடையிலும் நம்பிக் கேட்கலாம். அது கெட்டுப்போக வழியில்லை.

கூழுக்கு வருவோம். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற கூழ் வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காகப் பாடியது அந்த இனிப்புக் கூழை. நான் சொல்வது ஒடியல் கூழ். பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு முன்னதன் மா. அதை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, கசப்பைப் போக்கியபின்தான் பயன்படுத்துவார்கள். முற்றத்தில் பெரிய பானை. முதலில் புழுங்கல் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். அவை வெந்துவருகையில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய் என்று கடல் முழுவதும் இறங்கும். முள் நிறைந்த சின்ன மீன்களைச் சேர்ப்பவர்களை நான் மன்னிப்பதில்லை. முருங்கையிலையும் போனபின், அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் ஒடியல் மாவோடு கரைத்து ஊற்றித் துழாவினால் பானை தடித்து வரும். பனையோலைப் பிளாவிலோ, பலா இலையை மடித்தோ, சிரட்டையிலோ வாங்கி, இடையிடையே தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது முறை. வியர்க்கும், மூக்கு ஓடும், யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

இதைக் கடையில் சின்னக் கோப்பையில் வாங்கிக் குடிப்பது எனக்கு உவப்பில்லை. பத்துப் பேருக்குக் குறைந்து காய்ச்சினால் இத்தனை சாமானும் ஒரு பானைக்குள் அளவாகச் சேராது என்பதே காரணம், பக்தி அல்ல. ஆள்கூட்டத்தோடு வருகிறவர்கள், தங்கும் வீட்டில் முதல்நாளே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் சின்ன விடுதிகள் பலவும் குடும்பங்கள் நடத்துகிற வீடுகள்தான். "நாங்கள் பாசையூரிலை வாங்கிக்கொண்டு வாறம், அக்கா, சமைச்சுத் தருவியளோ?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஓம்" என்றே பதில் வரும். குடாநாட்டில் மிகச் சிறந்த கடலுணவு கிடைக்கிற இடம் எது என்றால் என் விடை இதுதான்: நீங்கள் தங்கியிருக்கிற வீட்டின் குசினி.

தீவுகளுக்குப் போகிறவர்கள் அதிகம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலடியில் மச்சம் தேடுவது வீண். அங்கே அமுதசுரபி அன்னதான மடத்துச் சோறும் பருப்பும் மரக்கறியும்தான், அதுவும் நல்ல சாப்பாடே. குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் நெடுந்தீவு. குதிரைகளையும் கல்வேலிகளையும் பார்த்துவிட்டு மத்தியானப் படகுக்கே திரும்பிவிடுகிறவர்கள் அதன் மீனைச் சாப்பிடாமல் வருகிறார்கள். இரவு தங்கவேண்டும். காரைநகரில் கசூரினாக் கடற்கரையும், அங்கிருந்து படகில் போகிற கடற்கோட்டையும் உண்டு. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றிய அந்தக் கோட்டையைக் கடற்படை இப்போது விடுதியாக நடத்துகிறது. காட்சிக்குப் போகலாம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறிக் கடந்து, கரையில் வள்ளம் இழுக்கிறவர்களிடம் அன்றைய மீனை விசாரிப்பது எனக்கு அதைவிடப் பிடிக்கும். தமிழ்நாட்டில் இருந்து வருபவர்களுக்கு 2023 முதல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. நடுவில் நின்று நின்று ஓடினாலும், ஏறிய நாளிலேயே இறங்கி மாலைச் சந்தைக்குப் போய்விடலாம்.

அந்தக் கடல்வழியிலேயே இன்னொன்றும் வருகிறது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. ஆனாலும் எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகுகள் அடித்தரையை வாரிக்கொண்டு போகிற இரவுகளுக்கு மறுநாள், கரையில் மீன் இல்லை, அறுந்த வலைதான் இருக்கிறது. இழுப்பவரும் இழப்பவரும் பேசுவது ஒரே தமிழ். நண்டுக்கு வேறு நெருக்கடி. ஓடுநீக்கிய நீலக்கால் நண்டின் சதை தகரத்தில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. நல்ல பெரிய நண்டு பாசையூர் ஏலத்துக்கு வருமுன்பே நிறுவைத் தட்டில் ஏறிவிடுவதும் உண்டு. மீனவருக்கு நல்ல விலை கிடைப்பதில் எனக்குப் புகார் இல்லை. உள்ளூர்ச் சட்டிக்குச் சின்ன நண்டு மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். வயிற்று மடலுக்கு வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது சினைநண்டு. கடலில் திரும்ப விட்டிருக்கவேண்டியது. ருசி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால், அடுத்த நாள் அதை வலையில் இருந்து கழற்றித் தண்ணீரிலேயே போட்டுவிட்டு வருவார்கள்.