எந்தக் குருதி, யாருடைய புனல்?

'குருதிப்புனல்' படத்தை நான் முதலில் பார்த்தது கம்பத்தில், சித்தப்பா வீட்டு டிவியில். போலீஸ் ஜீப் வருகிற காட்சியில் பெரியம்மா எழுந்து போயிருச்சு. கேட்டதற்கு, "ஒனக்கு அது படம்டா. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்குது" என்றது. 1989 போடி சாதிக் கலவர நாட்களில், ராத்திரி ஜீப் சத்தம் கேட்டதுமே எங்கள் தெரு ஆம்பளைகள் திராட்சைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்ததைப் பார்த்த கண்கள் அவை.

கோவிந்த் நிஹலானியின் இந்திப் படமான 'துரோக்கால்' தமிழில் மறு ஆக்கமாகி, பி.சி. ஸ்ரீராம் இயக்கத்தில் 1995 தீபாவளிக்கு வெளிவந்தது. ஆதி (கமல்ஹாசன்), அப்பாஸ் (அர்ஜுன்) என்ற இரு அதிகாரிகள் ஆயுதக் குழு ஒன்றுக்குள் உளவாளிகளை அனுப்புகிறார்கள். பிடிபட்ட தலைவன் பத்ரியோ (நாசர்) ஆதியின் குடும்பத்தைக் காட்டி மிரட்டி, அவனையே தன் உளவாளியாக்கி விடுகிறான். பாட்டில்லை, சண்டை ஜோடனை இல்லை. வேட்டைக்காரனே உடைந்துபோவதைக் காட்டிய துணிச்சலை நாம் மறுக்கத் தேவையில்லை.

நம் கேள்வி வேறு. சித்திரவதை செய்கிறவனின் மனசாட்சிக்குப் படம் அவ்வளவு இடம் தருகிறது. லாக்கப்புக்கு உண்மையில் போகிறவர்கள் எங்கே? படம் வந்த அதே 1995 மே மாதம் தடா சட்டம் காலாவதியானது. அதில் கைதானவர்கள் 76,000 பேருக்கு மேல். தண்டனை பெற்றவர்களோ மிகச் சொற்பம். அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். டிவியை உடைத்தார்கள், தையல் மிஷினை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். அங்கே எந்தப் பயங்கரவாதியைத் தேடினார்கள்? தலித்துகள் நாலு காசு சேர்த்து வாங்கிய பொருட்கள்தானா அந்தப் பயங்கரவாதி? இரண்டே மாதத்தில் திரையில் போலீஸ் தியாகியானது.

தலைப்பையும் பார்ப்போம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவலின் பெயரும் 'குருதிப்புனல்'தான். 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கதை வேறு, பெயர்தான் ஒன்று. ஆனாலும் ஒரு பார்வை இரண்டிலும் ஓடுகிறது. நாவலில் சேரியின் சாவு நிலவுடைமையாளனின் ஆண்மைச் சிக்கலாகச் சுருங்கியது. படத்தில் அரச வன்முறை அதிகாரியின் அறச் சிக்கலாகச் சுருங்கியது. ரெண்டுலயும் உள்ளம் உள்ளவன் மேலே இருப்பவன்தான். கீழே இருப்பவனுக்கு உடம்பு மட்டும்தான்.

ஆயுதக் குழுவுக்கு வக்காலத்து வாங்குவதல்ல இது. கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே பிரச்சினை.

2021இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. கொடியங்குளத்தை நினைவூட்டிய அந்தப் படத்தைப் பெரியம்மா கடைசிவரை உட்கார்ந்து பார்த்தது. "இதுலயும் போலீஸ் வருதே பெரியம்மா?" என்றேன்.

"வருதுதான். ஆனா இதுல நம்ம வாசல்ல நின்னுல்ல பாக்குறோம்."