எட்டாம் நம்பர் ஒப்பினெல்

என் கால்சட்டைப் பையில் இருப்பதைவிட அழகான மடக்குக்கத்தி உலகத்தில் இல்லை. இதை யாரிடமும், எந்த நேரத்திலும் வாதாட நான் தயார். கடையில் வாங்கியபோது அது வெறும் ஒப்பினெல் எட்டாம் நம்பர். பிரான்சில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைக்குக் கிடைக்கும் கத்தி. இன்று அதன் அலகில் ஒரு கட்டைவிரல் குமிழ் இருக்கிறது, பிடியில் ஒரு பாக்கெட் கிளிப் இருக்கிறது. இரண்டையும் சமையலறை மேசையில் வைத்து நானே பொருத்தினேன். அதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றித்தான் பேச்சு.

மொத்தம் ஐந்தே உறுப்புகள்: அலகு, பீச் மரப் பிடி, ரிவெட், பூண், பூணின் மேல் சுழலும் வளையம். ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவோயில், கொல்லர் குடும்பத்துப் பிள்ளையான ழோசப் ஒப்பினெல் 1890இல் இந்தக் கத்தியைச் செய்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அப்போது வளையம்கூட இல்லை. அது 1955இல் மார்செல் ஒப்பினெல் சேர்த்தது. வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு பூட்டிக்கொள்ளும். 2000இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மடக்கிய அலகையும் பூட்டலாம். இந்தச் சின்னத் திருத்தம் இல்லாவிட்டால் நான் கிளிப் போட்டிருக்கவே மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இருப்பது கிரெனோபிளில். மலையேறப் போகும்போது ஒரு கையில் கயிறோ கைத்தடியோ இருக்கும். ஒப்பினெலைத் திறக்க இரண்டு கை வேண்டும்: ஒன்று பிடியைப் பற்ற, மற்றது அலகின் நகப்பள்ளத்தைப் பிடித்து இழுக்க. அதோடு, பையின் அடியில் சாவிக்கொத்தோடு புரண்டு கிடக்கும் கத்தியைத் தேடி எடுக்கவும் வேண்டும். குமிழும் கிளிப்பும் இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரேயடியாகத் தீர்த்தன.

முதல் வேலை குமிழ் அல்ல, மரம். பீச் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். உப்பினால், அலகு மடங்கி உட்காரும் பிளவு இறுகி அதைக் கவ்விக்கொள்ளும். இதற்கு சவோய்க்காரர்கள் வைத்திருக்கும் வைத்தியம் அற்புதமானது. பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார்கள். அலகு தானே சற்று வெளியே வரும். ஆனால் கட்டைவிரல் ஒன்றே தள்ளித் திறக்க வேண்டுமானால் அலகு எப்போதும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சர்க்ளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றினேன். பிடியின் வார்னிஷை 180, 320, 400 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்தேன். தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டு உள்சுவர்களையும் கொஞ்சம் இழைத்தேன். பக்கவாட்டில் அலகு ஆடாத அளவுக்குத்தான். பிறகு ஆளிவிதை எண்ணெயை மரம் குடிக்கும் மட்டும் குடிக்கவிட்டுத் துடைத்தேன். (துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.) எண்ணெய் ஏறிய பீச் மரத்தில் அதுவரை கண்ணில் படாத ரேகைகளெல்லாம் தேன் நிறத்தில் எழுந்து வந்தன. வார்னிஷுக்கு அடியில் இவ்வளவு அழகை ஒளித்துவைத்தா விற்கிறார்கள்!

குமிழுக்கு அலகில் துளை போடும் ஆசையை விட்டுவிடுங்கள். கடினப்படுத்திய எஃகு துளைக்கருவியில் சூடேறினால் அதன் பதம் போய்விடும். அலகின் முதுகில் மேலிருந்து கவ்வி உட்காரும் குமிழ்கள் தனியாகவே கிடைக்கின்றன. நடுவில் ஒரு பிளவு, பக்கத்தில் எறும்புத் தலையளவு ஆலன் திருகாணி, அவ்வளவுதான். ஒப்பினெலின் அலகு மெல்லியது என்பதால் பிளவுக்குள் ஒரு செம்புத் தகட்டுத் துணுக்கை வைத்து இறுக்கினேன். எங்கே இறுக்குவது என்பதில்தான் இந்த வேலையின் சுவையே இருக்கிறது. ரிவெட்டுக்கு அருகில் வைத்தால் கட்டைவிரல் கொஞ்ச தூரம் நகர்ந்தாலே அலகு முழுக்கத் திறக்கும், ஆனால் அழுத்தம் அதிகம் வேண்டும். தள்ளி வைத்தால் தள்ளுவது சுலபம், விரல்தான் எட்டாது. திருகாணியைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்கி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் உங்கள் கட்டைவிரலே ‘இதுதான்’ என்று சொல்லிவிடும். என் விரல் நீளத்துக்கு என்று அமைந்த இடம் அது. எந்தத் தொழிற்சாலையும் அதை எனக்குக் கணக்குப் போட்டுத் தந்திருக்க முடியாது.

கத்தியில் கிளிப் வைக்கும் பழக்கத்தை 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் ‘வொர்க்கர்’ கத்தி மூலம் பரப்பியது. நான் பொருத்தியது டைட்டானியம் கிளிப். எட்டாம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர், பிடி ஏறத்தாழ பதினொன்று. ஆக, பின்முனையில் பிளவு எட்டாத கெட்டி மரம் மிஞ்சுகிறது. ஒப்பினெல்காரர்கள் எனக்காகவே விட்டுவைத்த இடம் என்றுதான் நான் நம்புகிறேன்! முதலில் மெல்லிய வழித்துளை போட்டுவிட்டுத் திருகாணியை ஏற்றினால் மரம் பிளக்காது. வலக்கைக்காரர்கள் குமிழை அலகின் இடப்பக்கமும் கிளிப்பைப் பிடியின் வலப்பக்கமும் வைக்க வேண்டும். அப்போதுதான் பையிலிருந்து உருவியதுமே கட்டைவிரல் குமிழில் வந்து விழும். இந்த அமைப்பில் மடக்கிய அலகின் நுனி மேல்நோக்கி இருக்கும். பையில் கத்தி தானாகத் திறந்துகொண்டால் விரல் போய்விடும். இங்கேதான் அந்த 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கைகொடுக்கிறது. வளையத்தைப் பூட்டிவிட்டால் அலகு அசையாது. எடுக்கும்போது கட்டைவிரலாலேயே வளையத்தை உருட்டி விடுவித்து, அதே விரலால் குமிழைத் தள்ளி, திறந்ததும் திரும்ப வளையத்தைப் பூட்டலாம். கொஞ்சம் பழகினால் எல்லாம் ஒரே கை.

துருப்பிடிக்காத எஃகிலும் ஒப்பினெல் வருகிறது. நான் கார்பன் எஃகைத்தான் சொல்வேன். நம் வீட்டு அருவாமனை வாழைக்காய்க்கும் மாங்காய்க்கும் கறுத்துக் கறுத்து ஒரு நிறத்துக்கு வருமே, அப்படி இதுவும் கறுக்கும். அந்தக் கருமை செந்துருவைத் தள்ளிப்போடும். சிலர் கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாகத் தடவி ஒரே இரவில் கோலம் வரவழைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அலகில் ஆப்பிளும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்து வரைந்த நீலச்சாம்பல் மேகங்கள் அதைவிட நூறு மடங்கு அழகு.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியில் எடுத்துச் செல்ல ஜெர்மனியில் 2008 முதல் தடை. பிரான்சிலும் பொது இடத்தில் கத்தி வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும். நான் மலைக்கு மட்டும் எடுத்துப் போகிறேன், எல்லை தாண்டும்போது வீட்டில் வைத்துவிடுகிறேன்.

இப்போது மேசையில் இன்னொரு ஒப்பினெல், என் அண்ணனுக்கு. அவர் இடக்கைக்காரர். ஆலையிலேயே கிளிப் போட்டு வரும் கத்திகள் பலவற்றில் துளை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அவருக்கு ஒத்துவராது. மரத்தில் துளை நாம் வைத்த இடத்தில்தானே! குமிழ் வலப்பக்கம், கிளிப் இடப்பக்கம் என்று எல்லாவற்றையும் மாற்றிப்போடப் போகிறேன். அவருடைய கட்டைவிரல் நீளத்தைப் போனிலேயே கேட்டு அளந்து வாங்கியாயிற்று.