காசும் பந்தும்: பெய்ஜிங் ஒலிம்பிக் நினைவு நாணயங்களை முன்வைத்து

நாணயத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்றால், 'எல்லாத்தையும் பிரதின்னு சொல்லியாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி' என்று நம்மில் சிலர் அலுத்துக்கொள்ளக் கூடும். அலுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அரசு தானே எழுதி, தானே முத்திரை குத்தி, 'இது செல்லும்' என்று சட்டத்தின் பேரால் அறிவித்து வெளியிடும் பிரதி இதைப் போல வேறொன்று இல்லை. நினைவு நாணயம் இன்னும் விசேஷமானது. எதை நினைக்க வேண்டும், எந்த உலோகத்தில் நினைக்க வேண்டும், யார் நினைக்க வேண்டும் என்ற மூன்றையும் அது ஒரே அடியில் தீர்மானித்துவிடுகிறது.

பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி சீன மக்கள் வங்கி 2006, 2007, 2008 என மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தங்க, வெள்ளி நாணயங்களைப் பற்றித்தான் பேச வருகிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் அவுன்சில் மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள 150 யுவான் தங்க நாணயம் இரண்டு; ஒரு அவுன்ஸ் எடையுள்ள 10 யுவான் வெள்ளி நாணயம் நான்கு. பெரிய எடைகளில் வந்தவை தனி. தங்கத்தில் பழஞ்சீனத்து விளையாட்டுகள்: வில்வித்தை, குதிரையேற்றம், மற்போர், சூஜு எனப்படும் உதைபந்து என்று போகிறது. முதல் தொகுதி வெள்ளியில் குழந்தைகள். பட்டம் விடுகிறார்கள், இரும்பு வளையம் உருட்டுகிறார்கள், இறகுக் குஞ்சத்தைக் காலால் தட்டி விளையாடுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அழகைக் கண்டால் முகம் சுளிப்பதே விமர்சனம் என்று நினைக்கிறவன் நான் இல்லை. வளையம் உருட்டும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட மனசு வரவில்லை.

கூடவே ஒலிம்பிக் சின்னம். முத்திரை வடிவம், அதற்குள் ஓடுகிற ஒரு மனிதன், அவனே பெய்ஜிங்கின் 'ஜிங்' என்ற எழுத்து. உடலும் தலைநகரும் முத்திரையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. வரலாற்றை இயற்கைபோல் ஆக்கிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்றார் ரொலான் பார்த். அந்த வேலையை இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அதே காலத்தில் சாதாரண உலோகத்தில் 1 யுவான் நினைவு நாணயங்களும் வந்தன. அவற்றில் 'ஃபுவா' என்ற கார்ட்டூன் பொம்மைகள் விளையாடுகின்றன. ஆக, 1 யுவானுக்குப் பொம்மை, பொன்னுக்கு மரபு. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுப் பிரித்தார்கள் என்று சொல்லவில்லை. அதற்குச் சதி எல்லாம் தேவையே இல்லை. ஆனால் இது விதியும் இல்லை. 1979இல் ஒலிம்பிக் அமைப்புக்குள் திரும்பிய சீனா, 1980இல் சீன ஒலிம்பிக் குழுவின் பேரில் நாணயங்கள் வெளியிட்டது. (அந்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை அது புறக்கணித்தது என்பது வேறு வேடிக்கை.) அப்போதும் வில், மற்போர், குதிரை, உதைபந்துதான். தங்கம், வெள்ளியோடு 1 யுவான் பித்தளையிலும் அதே பழம் உருவங்கள் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் மரபு பித்தளையை விட்டு மேலே ஏறிப் போய்விட்டது.

ஏறிப் போய் எங்கே உட்கார்ந்தது? 150 யுவான் என்று பொறித்த நாணயத்தில் 10 கிராமுக்குச் சற்று மேல் தங்கம். அதன் அன்றைய விலை முகமதிப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மூன்றாம் தொகுதியில் 10 கிலோ தங்க நாணயம் ஒன்று உண்டு. முகமதிப்பு 1 லட்சம் யுவான். 29ஆவது ஒலிம்பிக் என்பதால் 29 மட்டுமே அடித்தார்கள். இதை எவன் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவான்? கைமாறிக் கைமாறித் தேயும் தங்கக்காசு தன் பெயரிலிருந்து பிரிந்துபோகிறது, அதனால்தான் அதன் இடத்தில் செம்பும் காகிதமும் வந்து உட்கார முடிகிறது என்று 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் எழுதுகிறார். நினைவு நாணயத்தில் இது தலைகீழ். பெயர் சிறிசு, பொருள் பெரிசு. எனவே அது கைமாறிச் செலவாவதே இல்லை. செல்லும் என்று சட்டம் சொல்லியும் செல்லாத காசு. உறைக்குள், சான்றிதழோடு, விரல்ரேகை படாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. விளையாட்டோ தேய்மானத்தால் ஆனது. பந்து தேயும், முட்டி தேயும், தரையில் புல் தேயும். தேயக் கூடாத ஒரு பொருளின்மேல் தேய்வதையே தொழிலாகக் கொண்ட ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள்.

சூஜுவை எடுத்துக்கொள்வோம். ஹான் காலத்தில் படைப்பயிற்சி. சோங் காலத்தில் அரண்மனையும் சந்தையும் ஒன்றாக ஆடிய ஆட்டம். 2004இல் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் கால்பந்தின் தொடக்கம் இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனபின் அது தேசப் பெருமையாகவும் ஆயிற்று. ஆனால் அந்தப் பந்து தங்குதடையில்லாமல் நம் காலம்வரை உருண்டு வந்துவிடவில்லை. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் காலத்து 1389ஆம் ஆண்டின் ஆணையொன்று பதிவாகியிருக்கிறது: பந்து உதைக்கும் படைவீரனின் காலை வெட்டு. 'நீர்க்கரை' நாவலில் காவோ ச்சியூ என்ற வில்லன் பதவிக்கு வந்ததே பந்தாடும் திறமையைக் காட்டி இளவரசனை மயக்கித்தான். கதை சொன்னவர்களுக்கு அந்தப் பந்து அதிகாரத்தின் அசிங்கத்தைச் சொல்லும் சாதனமாக இருந்தது. தங்கத்தில் வெட்டுண்ட காலும் இல்லை, காவோ ச்சியூவும் இல்லை. 'பாரம்பரியம்' என்று நாம் சொல்லும்போது இந்த மாதிரி எத்தனை கால்களை ஓசைப்படாமல் ஒட்டவைக்கிறோம் என்று யோசிக்கிறேன்.

நவீன சீனத்தில் விளையாடும் உடலின் கதையும் இப்படித்தான். 1917இல் 'புதிய இளைஞர்' இதழில் உடற்பயிற்சி பற்றி மாவோ எழுதிய கட்டுரையின் கவலை தேசத்தின் பலவீனம். 1932இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன ஒரே சீன வீரர் லியூ சாங்சுன். ஜப்பானின் பொம்மை அரசான மஞ்சுகுவோவுக்காக ஓட மறுத்துச் சீனாவுக்காக ஓடியவர். 1959இல் சீனாவின் முதல் உலக சாம்பியனானவர் மேசைப்பந்து வீரர் ரோங் குவோதுவான்; கலாச்சாரப் புரட்சியில் உளவாளி என்று துன்புறுத்தப்பட்டு 1968இல் தற்கொலை செய்துகொண்டார். இந்த உடல்கள் யாருடையவை? மரபு என்று ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போய்க் குந்திக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது: இந்த நூறு ஆண்டுகளைத் தொடாமலே தாண்டிவிடலாம். பச்சைக்குதிரை!

'சீனாவை மட்டும் ஏன் பிடித்து உலுக்குகிறீர், எல்லாரும்தானே அடிக்கிறார்கள்' என்று சில தோழர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஹெல்சிங்கி 1952க்கே வெள்ளி நாணயம் வந்தது. மொன்றியல் 1976க்கு 28 வெள்ளி நாணயங்கள் வெளியிட்டுச் செலவை ஈடுகட்டப் பார்த்தார்கள். ஒலிம்பிக் என்ற வியாபாரத்தின் பொது வடிவம் அது. ஆனால் மக்களின் பேரால் நடக்கும் ஓர் அரசு, மக்களின் வங்கி என்று பெயர் வைத்து, தெருப்பிள்ளைகளின் ஆட்டத்தைச் சேகரிப்பாளரின் பேழைக்குள் வைக்கும்போது, அந்தப் 'மக்கள்' என்ற சொல்லைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் இடதுசாரிகளான நாம்தான். அந்தக் கேள்வியை மேற்கத்தியப் பத்திரிகைகளிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டாம் தொகுதி வெள்ளியில் பெருஞ்சுவரோடு சேர்ந்து 'சிஹெயுவான்' வருகிறது. நாலு பக்கமும் வீடு, நடுவே முற்றம் என்ற பழைய பெய்ஜிங் வீடு. முதல் தொகுதிப் பிள்ளைகள் ஆடியது இப்படிப்பட்ட முற்றங்களிலும் அவற்றையொட்டிய சந்துகளிலும்தான். நாணயம் வெளியான 2007இல் அந்தச் சந்துகள் இடிந்துகொண்டிருந்தன. சியன்மென் பகுதியின் பழைய தெரு இடித்துக் கட்டப்பட்டு, ஒலிம்பிக் தொடங்குவதற்கு முந்தின நாள் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. பெய்ஜிங்கில் இடம்பெயர்க்கப்பட்டோர் 15 லட்சம் பேர் என்று ஜெனீவாவைச் சேர்ந்த வீட்டுரிமை அமைப்பொன்று மதிப்பிட்டது. ஒலிம்பிக் அரங்குகளுக்காக நகர்த்தப்பட்டவை 6,037 குடும்பங்கள் மட்டுமே என்றது அரசு. இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் 'ஒலிம்பிக்குக்காக' என்ற சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்பதைப் பற்றியது.

2008 ஆகஸ்டில் போராட்டங்களுக்கென்று பெய்ஜிங்கில் மூன்று பூங்காக்களை ஒதுக்கினார்கள். அனுமதி கேட்டு 77 விண்ணப்பங்கள் வந்ததாக அரசு செய்தி நிறுவனமே சொன்னது. ஒன்றுகூட அனுமதி பெறவில்லை. விண்ணப்பித்தவர்களில் எழுபது வயது கடந்த இரண்டு மூதாட்டிகள் இருந்தார்கள். 2001இல் இடிக்கப்பட்ட தங்கள் வீடுகளுக்கு நியாயம் கேட்டவர்கள். விண்ணப்பம் போட்டதற்கு அவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டு 'உழைப்பு வழி மறுகல்வி'. தண்டனை பிறகு ரத்தானது. இடித்த வீடு இடித்ததுதான்.